ஆண்டவரிடம் மட்டும்

மைக் அக்காவுக்கு மைக் தேவையில்லை. அதனால்தான் அந்தப் பெயர். எங்கள் சபை கூடுகிற ஹாலில் ஒலிபெருக்கி மக்கர் செய்யும் வாரங்களில் பாஸ்டரின் பிரசங்கம் மூன்றாவது வரிசையோடு நின்றுவிடும். அக்காவின் ஜெபம் மட்டும் கார் நிறுத்துமிடம் வரை போகும். தாமதமாக வருகிறவர்கள் கார்க் கதவைச் சாத்தும்போதே, "அக்கா ஆரம்பிச்சாச்சு, ஓடு" என்பார்கள். அக்காவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசினால் அதிகம். அவருக்கு மியூட் அண்ணன் என்று பெயர் வந்ததற்கு யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆண்டவர் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாயைக் கொடுத்தார். இவர் பெரிய மனசு பண்ணி அதை எனக்கே விட்டுட்டார்" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பார்.

அக்காவின் அந்தச் சத்தம் தொழில் கொடுத்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் அவருக்கு வேலை. தரைக்குக் கீழே ஒரு தளம். ஆளுயர டிரம்கள் நாள் முழுக்கச் சுழலும். ஈர விரிப்புகளை உள்ளே இழுத்து இஸ்திரி போட்டு மறுபக்கம் தள்ளுகிற உருளை இயந்திரம் ஓரமாக உறுமிக்கொண்டிருக்கும். அதற்கு விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணலாக ஓடிச் சிக்கிக்கொள்ளும். இழு, விடு, பொறு என்று கத்தித்தான் வேலை நடக்கும். மெதுவாகப் பேசினால் உதடு அசைவதுதான் தெரியும். அங்கிருந்து வீட்டுக்கு வரும்போது அக்கா செருப்பைக் கழற்றுவார், குரலைக் கழற்ற மறந்துவிடுவார்.

இன்னொரு பொறுப்பும் அவருக்கு உண்டு. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளை டிரம்மில் போடுவதற்கு முன் பை துழாவுவது. பேனா கிடைக்கும், கத்தரிக்கோல் கிடைக்கும், பாதி தின்ற சாக்லேட் கிடைக்கும், சில சமயம் மடித்த சீட்டு கிடைக்கும். கிடைத்ததை ஒரு உறையில் போட்டு, கோட்டின் எண்ணை மேலே எழுதி அனுப்பிவிடுவார். புதிதாக வந்த ஒருத்தி ஒருமுறை ஒரு சீட்டைப் பிரித்து வாசித்துச் சிரித்திருக்கிறாள். அக்கா போட்ட அதட்டலில் உருளை இயந்திரமே ஒரு நிமிடம் அடங்கியது போல இருந்ததாம். "அடுத்தவங்க பைக்குள்ள கையை விடறதுதான் நம்ம வேலை. கண்ணை விடறது இல்ல."

இப்படிப்பட்டவர்தான் போன புது வருடத்தின் முதல் ஞாயிறு அன்று அந்தக் காரியத்தைச் செய்தார்.

எங்கள் சபையில் லிஃப்ட் தம்பி என்று ஒருவன் இருக்கிறான். உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கலகலப்பானவன். அக்கா லிஃப்டில் ஏறவே மாட்டார். எத்தனை மாடி என்றாலும் படிதான். "என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?" என்று அவன் சீண்டுவான். "உன்மேல இருக்குப்பா. கயித்துமேலதான் இல்ல" என்பார் அக்கா. அவன் மனைவி ஒரு பேக்கரியில் கவுண்டரில் நிற்கிறாள். பள்ளிக்கூடம் சேரப்போகிற வயதில் ஒரு பெண் குழந்தை.

டிசம்பரில் ஒரு நாள், வேலை இடைவேளையில் அக்கா மேலே வந்தபோது, வெளிநோயாளிகள் காத்திருக்கிற கூடத்தில் லிஃப்ட் தம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கம்பெனிச் சட்டை. மடியில் கருவிப் பை.

"என்னப்பா, இங்க லிஃப்ட் ரிப்பேரா?"

"ஆமாக்கா."

மறுநாளும் அதே நாற்காலி, அதே பை. லிஃப்ட் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவனே சொன்னான். கம்பெனிக்கு இருந்த பெரிய ஒப்பந்தம் கைமாறிவிட்டது, ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்புகிறான், சாயங்காலம் திரும்புகிறான்.

"இங்க ஏன்பா வந்து உக்காந்திருக்கே?"

"இங்கதான்க்கா ஏன் உக்காந்திருக்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாருமே எதுக்காகவோ காத்துட்டு இருக்காங்க. ஜனவரி முடியறதுக்குள்ள வேற கம்பெனி எடுக்கலைன்னா விசா போயிடும். குடும்பத்தோட கிளம்ப வேண்டியதுதான்."

பிழைக்க வந்த நாட்டில் வேலைதான் காலுக்குக் கீழே இருக்கிற தரை. அது போனால் வீடு, குழந்தையின் பள்ளிக்கூடம், தெருவில் நிம்மதியாக நடப்பது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகச் சரியும். எங்கள் சபையில் இதை யாருக்கும் விளக்க வேண்டாம். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்னால் நாங்கள் எல்லாருமே விசாத் தேதியை ஒருமுறை மனதுக்குள் எண்ணிக்கொள்வோம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன் தம்பி. அவர்கிட்ட மட்டும்தான்."

வாக்கைக் காப்பாற்றினார். மியூட் அண்ணனிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான். இருந்தும் அவரிடம்கூடச் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. எங்கள் பாஸ்டர் வாரநாட்களில் ஏசி பழுது பார்க்கிறவர். பிரசங்கத்திலும் அந்த வாடை அடிக்கும். அன்று அவர் எடுத்துக்கொண்டது இந்த வருடம் நாம் எப்படிப்பட்ட சபையாக இருக்கப் போகிறோம் என்பது.

"போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஹால்ல ஐஸ் கட்டுது, படுக்கை ரூம்ல வேகுது. மெஷின்ல ஒரு குறையும் இல்ல. காத்து சமமாப் போகல, அவ்வளவுதான். நம்ம சபையும் அப்படித்தான் இருக்கு. பாட்டு நல்லா இருக்கு. ஜெபத்தைக் கேக்கவே வேண்டாம், அக்கா இருக்காங்க." சிரிப்பு எழுந்தது. "ஆனா உங்க பக்கத்து நாற்காலியில இருக்கிறவர் வீட்ல இன்னைக்கு அடுப்பு எரியுதான்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியலைன்னா நாம ஆரோக்கியமான சபை இல்ல. ஒரு பக்கம் வீங்கியிருக்கிற சபை. வீக்கத்தைப் பார்த்துட்டு சதை போட்டிருக்குன்னு சந்தோஷப்படக் கூடாது."

பாஸ்டர் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார். அக்கா எழுந்தார். எல்லாரும் கண்ணை மூடினோம்.

அக்காவின் குரல் ஆரம்பத்திலேயே தழுதழுத்தது. "ஆண்டவரே, பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க நெஞ்சுல என்ன எரியுதுன்னு எங்களுக்குத் தெரியல, உமக்குத் தெரியும். வேலை போயி, கட்டினவகிட்டகூடச் சொல்ல முடியாம, தினமும் யூனிபார்மைப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி நாற்காலியில வந்து உக்காந்திருக்கானே நம்ம லிஃப்ட் தம்பி, அந்தப் பிள்ளையைப் பாரும் ஆண்டவரே. மாசம் முடியறதுக்குள்ள ஒரு வழியைத் திறந்துவிடும்..."

பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் "ஆமென்" என்றார்கள். பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். முன் வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால் லிஃப்ட் தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி குனிந்த தலையை நிமிர்த்தாமல், கண்ணை மட்டும் திறந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் நாற்காலிகளுக்கு நடுவே நடந்தான். கதவு மெதுவாகத்தான் சாத்தியது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

அக்காவுக்கு மட்டும் கேட்கவில்லை. நோயாளிகளுக்காக ஜெபித்தார், பயணம் போயிருக்கிறவர்களுக்காக ஜெபித்தார், பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அவர் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கலாமா என்று நினைத்தேன். கடைசியில் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார், ஈரக் கண்ணோடு சிரித்தார். ஹாலில் ஒரு முகமும் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

"என்ன? என்ன ஆச்சு?" என்றார். அதுவும் கார் நிறுத்துமிடம் வரை கேட்டிருக்கும்.

ஆராதனை ஒருவழியாக முடிந்தது. அது முடியக் காத்திருந்தது போல நாலைந்து பெண்கள் தம்பியின் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். தோளில் ஒரு கை, முதுகில் ஒரு கை. "கவலைப்படாதம்மா, நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்." "எத்தனை நாளாம்மா இப்படி?" "உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியா, பாவி மனுஷன்?"

அவள் தலையை நிமிர்த்தினாள். "எனக்குத் தெரியும் ஆன்ட்டி. வேலை போன அன்னைக்கே சொல்லிட்டார். நாங்க ரெண்டு பேரும்தான் வெளியில சொல்ல வேண்டாம்னு இருந்தோம்."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. கை மட்டும் குழந்தையின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தது. தூங்குகிற குழந்தைக்கு அவ்வளவு தலை வாரத் தேவையில்லை. சூழ்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கைகளை எடுத்துக்கொண்டு, நகர்ந்தார்கள்.

ஹாலுக்குப் பின்னால் ஒரு சின்னச் சமையலறை. டீக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா சுவரோரமாக ஒரு ஸ்டூலில் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தார். தம்பியின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, எனக்குத் தெரியாது."

அக்கா அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

"இப்பதான் தெரியும். உங்க வாயால, ஊரோட சேர்ந்து. போன வாரம் பேக்கரியில வேலையை விடறேன்னு சொல்லிட்டேன்க்கா. பிள்ளையை ஸ்கூல்ல விட, கூட்டிட்டு வர ஆள் வேணுமேன்னு. அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன். சிரிச்சுட்டே 'சரி, விட்டுடு'ன்னாரே!"

"அம்மாடி, அவன் என்கிட்ட ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்லுங்கன்னுதான்... நான் ஆண்டவர்கிட்டதானேம்மா சொன்னேன்?"

"ஆமாக்கா. ஆண்டவர்கிட்டதான் சொன்னீங்க. நடுவுல நாங்க எல்லாம் வந்து உக்காந்துட்டோம். அது எங்க தப்பு."

வெந்நீர் பொங்கி மூடியைத் தட்டியது. அடுப்பை அணைக்க எனக்குக் கை வரவில்லை.

"ஒரு டாக்டர் கோட்டுப் பையில கிடந்திருந்தா இதை உறையில போட்டு மூடிக் கொடுத்திருப்பீங்க. நீங்கதானே அந்தக் கதையைப் பெருமையாச் சொல்வீங்க? மனுஷன் மனசுல இருந்து எடுத்தா மட்டும் கொட்டலாமா?"

அக்கா அழவில்லை. அழுவதற்கும் தனக்கு உரிமையில்லை என்று நினைத்திருப்பார். "நீ வாம்மா, ரெண்டு பேரும் போய் அவனைப் பார்ப்போம்" என்று எழுந்தார்.

"நான் வர மாட்டேன். இப்ப அவரைப் பார்த்தா என்ன பேசுவேன்னு எனக்கே தெரியல. பிள்ளை முன்னாடி வேண்டாம். போன் பண்ணிட்டேன், எடுக்கல. நீங்கதானே ஊருக்குச் சொன்னீங்க, நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க." கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "சீக்கிரம் போங்கக்கா."

வெளியே அதற்குள் ஒரு கூட்டம் நாற்காலிகளை வட்டமாகப் போட ஆரம்பித்திருந்தது. "பாஸ்டர், உடனே எல்லாரும் ஜெபத்துல நின்னுடலாம்" என்றார் ஒருவர்.

"நிக்கலாம், கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு" என்றார் பாஸ்டர். வேன் சாவி அவர் கையில் இருந்தது. "நான் ரயில் ஸ்டேஷன் பக்கம் பார்க்கறேன். அக்கா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. மத்தவங்க யாரும் யாருக்கும் போன் பண்ணாதீங்க. இந்த ஹாலுக்குள்ள கேட்டது இந்த ஹாலோட இருக்கட்டும்."

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா பாஸ்டர்?"

"நாம ஊர் இல்லையே ஐயா. சபைன்னு சொல்லிக்கிறோமே."

மியூட் அண்ணன் காரை ஓட்டினார். அக்கா முன் இருக்கையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் எண்ணை அழுத்துவதும் காதில் வைப்பதுமாக இருந்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு அண்ணன் அந்த வாரத்துக்கான வாக்கியத்தைச் சொன்னார்.

"அவன் கிடைச்சா, நீ பேசாதே."

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பல நாள் கழித்து அக்காவும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள். எழுதிக்கொள்ளட்டுமா என்று அவர்களிடமும் தம்பியின் மனைவியிடமும் கேட்டு, மூன்று பேரும் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெளிநோயாளிகள் கூடத்தில் விளக்குகள் பாதி அணைந்திருந்தன. ஒரு ஆள் தரை துடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலிகள் வரிசையாகக் காலியாக இருந்தன. அவன் நாற்காலியும் காலி. இங்கேதான் இருப்பான் என்று அத்தனை நிச்சயமாக வந்திருந்தார். மறுபடி அவன் எண்ணை அழுத்தினார். காதில் மணி அடித்தது. எங்கேயோ தூரத்திலும் அடித்தது.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றார். சத்தம் மாடிப்படிகளுக்கு நடுவே உள்ள கிணறு போன்ற இடைவெளியிலிருந்து வந்தது. மேலேயிருந்து. மிக மேலேயிருந்து.

மேலே மொட்டை மாடிக் கதவு என்பது அவருக்குத் தெரியும். முழங்கால் வலியை மறந்து ஏறினார். மணி நின்றது. மறுபடி அழுத்தினார், மணி அடிக்கிற வரைக்கும் அவன் இருக்கிறான் என்று தோன்றியதாம். மூச்சு இரைத்தது. கூப்பிட நினைத்தார், தம்பி என்று ஒரு குரல் கொடுத்தால் கட்டிடமே கேட்கும். அண்ணன் சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு படிகளைச் சத்தமில்லாமல் ஏறியது அதுதான் முதல் தடவை.

கடைசித் திருப்பத்தில், மொட்டை மாடிக் கதவுக்குப் பக்கத்தில், லிஃப்டின் இயந்திர அறைக் கதவில் சாய்ந்துகொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. பக்கத்தில் போன் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது.

"கட் பண்ணுங்கக்கா. காது வலிக்குது" என்றான்.

அக்கா கட் செய்தார். இரண்டு படி கீழேயே உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரம் பிடித்தது. கதவுக்குப் பின்னால் ஏதோ முனகி, ஓடி, டக்கென்று நின்றது.

"ஆண்டவருக்குக் காது கேக்காதாக்கா? ஏன் அவ்வளவு சத்தம்?"

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்லத்தான் இருந்தேன். தினமும் சாயங்காலம் படியேறும்போது இன்னைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். கதவைத் திறந்ததும் பிள்ளை ஓடிவந்து பையைப் பிடுங்கும். 'அப்பா இன்னைக்கு எத்தனை லிஃப்ட் ரெடி பண்ணீங்க'ன்னு கேக்கும். ஏதாவது ஒரு நம்பர் சொல்வேன். அதோட சரி. அவ பேக்கரியை விடறேன்னப்ப நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அது என் தப்புக்கா, எனக்குத் தெரியாம இல்ல. ஆனா அதைச் சொல்ற உரிமை என்னோடது. அதையும் எடுத்துட்டீங்களே."

"எடுத்துட்டேன்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அவன் இன்னும் ஏதோ வசவுக்கு ஆயத்தமாக இருந்தானாம். சமாதானமோ, வசனமோ, அழுகையோ வரும், அதைப் பிடித்துக்கொண்டு கத்தலாம் என்று காத்திருந்தானாம். ஒன்றும் வரவில்லை. கதவுக்குப் பின்னால் இயந்திரம் மறுபடி ஓடியது.

"இங்க ஏன் உக்காந்திருக்கேன்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்க மாட்டேன் என்பது போல அக்கா தலையை ஆட்டினார்.

"பயந்துட்டீங்களா? அதெல்லாம் இல்லக்கா. கீழ நாற்காலி போரடிச்சா இங்க வந்துடுவேன். இந்தச் சத்தம் கேட்டா வேலையில இருக்கிற மாதிரி இருக்கும்." கொஞ்ச நேரம் காது கொடுத்தான். "கேளுங்க. நிக்கறப்ப ஒரு முனகல் வருது பாருங்க. பிரேக் தேயுது. இன்னைக்கு நாளைக்கு ஒண்ணும் ஆகாது."

அக்காவும் கேட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு தெரிந்தது.

"அவ என்ன சொன்னா?"

இதுதான் அக்காவுக்கு அன்றைய நாளின் கஷ்டமான இடம். கூட்டத்துக்கு நடுவில், தனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லி அவள் இவன் மானத்தைக் காப்பாற்றியது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இவன் முகம் மாறும், தன் பாரமும் பாதி இறங்கும். சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சொன்ன இன்னொன்றும் தொண்டையில் நின்றது.

"அதை அவ சொல்லணும்ப்பா."

"அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

"நான் பார்க்கல தம்பி. கண்ணை மூடிட்டு இருந்தேன்."

அதைக் கேட்டு அவன் சிரித்துவிட்டான். கோபம் தீர்ந்த சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான். அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. திரையில் அவன் மனைவியின் பெயர். அவன் சிரிப்பு அறுந்தது. கையை ஆட்டினான், இல்லை என்று சொல்லுங்கள் என்பது போல.

அக்கா எடுத்தார். "அக்கா, அங்க இருக்காரா?" என்ற குரல் படிக்கட்டில் தெளிவாகக் கேட்டது.

இருக்கிறான் என்றால் இவனை இரண்டாவது முறை காட்டிக் கொடுத்தது ஆகும். இல்லை என்றால் அங்கே ஒருத்தி குழந்தையை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் நினைப்பாள்? மைக் அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் போனை அவன் பக்கம் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. அக்காவின் கை நீண்டபடியே இருந்தது. "அக்கா? அக்கா, ஏதாவது பேசுங்களேன்" என்றது போன். கைவலி தோள் வரை ஏறியது. ஈர விரிப்பின் முனையைப் பிடித்துப் பழகிய கை. மறுமுனையை ஆள் பிடிக்கிற வரைக்கும் விடாது.

அவன் வாங்கினான். "நான்தான்" என்றான்.

அக்கா உடனே இறங்க ஆரம்பித்தார். ஒரு மாடி போதாது என்று இன்னொரு மாடி, அதுவும் போதாது என்று இன்னொன்று. மேலே குரல் எழுந்ததும், அடங்கியதும், யாரோ அழுததும் கேட்டது. வார்த்தை கேட்காத தூரம் வந்ததும்தான் நின்றார். வார்த்தை கேட்கிற தூரத்திலிருந்து அவராகவே நகர்ந்தது இதுவும் முதல் தடவையாகத்தான் இருக்கும்.

வெகுநேரம் கழித்து அவன் வந்தான். கண் சிவந்திருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தான். "எல்லார் முன்னாடியும் அவளுக்குத் தெரியும்னு சொன்னாளாமே. நீங்க ஏன்க்கா சொல்லல?"

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

"போதும், வாங்க. இந்தக் காலோட இத்தனை படி இறங்கினா நாளைக்கு உங்களையே அட்மிட் பண்ணணும்." லிஃப்ட் பொத்தானை அழுத்தினான்.

"பிரேக் தேயுதுன்னியேப்பா?"

"இன்னைக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் சொன்னேன்ல?"

அக்கா உள்ளே போனார். கதவு மூடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார்.

"கண்ணைத் திறங்கக்கா" என்றான் லிஃப்ட் தம்பி.

அந்த வாரம் அக்கா பாஸ்டரைப் போய்ப் பார்த்தார். இனிமேல் ஜெபிக்கத் தன்னைக் கூப்பிட வேண்டாம், கோப்பை கழுவுகிறேன், நாற்காலி போடுகிறேன் என்றார். பாஸ்டர் ஏதோ ஒரு வீட்டு ஏசியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கையெல்லாம் அழுக்காக இருந்தாராம். "ஒரு ரூம் ரொம்பக் குளிருதுன்னு அந்த ரூமையே அடைச்சுடுவாங்களாக்கா? காத்தைக் கொஞ்சம் திருப்பிவிடணும், அவ்வளவுதான். உங்க தப்பு பாதிதான். பக்கத்துல இருக்கிறவங்களைத் தெரிஞ்சுக்கோங்கன்னு நான் மேடையில சொன்னேன். தெரிஞ்சதை எப்படிக் காப்பாத்தணும்னு சொல்லாம விட்டுட்டேன்."

அடுத்த ஞாயிறு அவர் ஒரே ஒரு மாற்றம் சொன்னார். இனி யாருடைய விஷயமும், அவர்களே கேட்டுக்கொள்ளாமல், சபையில் சத்தமாக ஜெபிக்கப்படாது. ஜெபம் வேண்டுமென்கிறவர் தனக்குப் பிடித்த ஒருவர் பக்கத்தில் போய் உட்காரலாம். சிலர் முணுமுணுத்தார்கள். "ஆண்டவர்கிட்ட பேசக்கூட பர்மிஷன் வாங்கணுமா?" என்றார் ஒருவர். "வாயிருக்கிற சபைதான் வளரும்" என்றார் இன்னொருவர். ஒரு குடும்பம் இரண்டு வாரம் வரவேயில்லை. எனக்கே பயமாகத்தான் இருந்தது. தூர தேசத்தில் கையளவு பேர், இதுவும் கலைந்து போனால் எங்கே போவோம் என்று.

அந்த மாற்றத்தைச் சொன்ன ஞாயிறன்றே ஜெப நேரம் வந்தது. அக்கா கடைசி வரிசையில், பக்கத்தில் காலி நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலிக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஹாலில் அங்கங்கே நாற்காலிகள் நகர்கிற சத்தம். பிறகு கதவு திறந்தது. தம்பியின் மனைவி உள்ளே வந்தாள். பின்னால் தம்பி, தோளில் குழந்தை. அவன் கதவோரமாகவே நின்றுகொண்டான். அவள் நேராக நடந்து வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, எங்களுக்காக ஜெபம் பண்ணணும்."

"பண்றேன்மா." அக்கா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "என்ன விஷயத்துக்கு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஆண்டவர்கிட்ட நான் சொல்லிட்டேன். நீங்க கூட இருங்க, போதும்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. நான் அக்காவுக்கு மறுபக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. கண்ணை மூடாமல், அவள் முகத்தைப் பார்த்தபடியே ஜெபித்தார்.

ஜனவரி முடிந்தது. அதற்கப்புறம் சில மாதங்களும் முடிந்துவிட்டன. அவர்கள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்கள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. எப்படிச் சமாளித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மைக் அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டுப் பார்த்தேன்.

"டீ ஆறுது, குடி" என்றார்.